சுவருக்கு அந்தப் பக்கம் உலக்கைச் சத்தம்

மாஸ் நதிக்கரைக் கடிதம்

அன்புச் சகோதரிகளுக்கு,

போன கடிதத்தில் எழுதிய பட்டாணி சூப்பைச் செய்து பார்த்து, "மிளகுத்தூள் கொஞ்சம் தூக்கலாகப் போட்டோம், வீட்டில் கேட்டு வாங்கிக் குடித்தார்கள்" என்று எழுதியிருந்தவர்களுக்கு என் நன்றி. இந்தத் தடவை சமையல் இல்லை. ஒரு சத்தத்தைப் பற்றிச் சொல்லப் போகிறேன்.

ராட்டர்டாமில் எங்கள் தெரு வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டியே இருக்கும். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர்தான். 2023-ஆம் வருஷம், இலையுதிர் காலத்தில் ஒரு நாள் காலை. அவர் ஆபீசுக்குப் போயாகிவிட்டது. குக்கரை அடுப்பில் ஏற்றிவிட்டு நிற்கிறேன், சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து 'தொம் தொம் தொம் தொம்' என்று ஒரு சத்தம். யாரோ உலக்கை போட்டு இடிக்கிற மாதிரி! ஆனால் எந்த உலக்கை இத்தனை வேகமாக இடிக்கும்? அலமாரியிலிருந்த டம்ளர்கள் கிணுகிணுவென்று நடுங்கின. ஐந்து நிமிஷத்தில் நின்றுவிட்டது. மறுநாளும் அதே நேரம், அதே சத்தம்.

பக்கத்து வீட்டில் இருப்பவள் என் வயதுக்காரி, ஐம்பதை ஒட்டியவள். பள்ளிக்கூட ஆபீஸில் அரை நாள் வேலை. பத்து வருஷப் பழக்கத்தில் அந்த வீட்டிலிருந்து ஒரு சத்தம் வந்ததில்லை. படுக்கையில் கிடந்த தாயாரைக் கடைசிவரை வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டவள். தாயார் 2022-ல் காலமானார். பாவம், தனிமையில் ஏதேனும் ஆகிவிட்டதோ என்று எனக்குக் கவலை. மூன்றாம் நாள் ஒரு தட்டில் தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் தட்டினேன்.

என்னைப் பார்த்ததும் அவள் முகம் சிவந்துவிட்டது. "ஐயோ, உனக்குக் கேட்டுடுச்சா? காதுல மாட்டிக்கிற ஹெட்போன்ல தான் வேலை செய்யறேன். அஞ்சே அஞ்சு நிமிஷம் பெட்டியில போட்டுப் பார்ப்பேன்" என்றாள். (இந்த ஊரில் சிநேகிதிகள் ஒருவரையொருவர் ஒருமையில்தான் பேசுவார்கள். அதை அப்படியே எழுதுகிறேன்.)

"எதைப் போட்டுப் பார்ப்பே?" என்று கேட்டேன்.

"நான் பண்ற பாட்டை!"

பரண் அறைக்கு அழைத்துப் போனாள். இங்கே மாடிப்படி ஏணி மாதிரி செங்குத்தாக இருக்கும். கைப்பிடியை விட்டால் போச்சு! மேலே ஒரு சாய்வு ஜன்னல், பழைய குழந்தைத் துணிப் பெட்டிகள், ஒரு மேஜை, அதன்மேல் கம்ப்யூட்டர், இரண்டு சின்ன ஒலிப்பெட்டிகள். சுவரில் ஒரு போட்டோ. இருபது வயதுப் பெண், தலையின் இரு பக்கமும் மழித்து, உச்சியில் மட்டும் குடுமிபோல இறுக்கிக் கட்டியிருக்கிறாள். ஓட்டப்பந்தயக்காரர் போடுகிற சட்டை. பக்கத்தில் மொட்டைத் தலைப் பையன்கள் நாலு பேர்.

எனக்குத் திக்கென்றது. மொட்டைத் தலைக் கும்பல் என்றால் நம்மைப் போன்ற நிறத்தவரை வெறுப்பவர்கள் என்றுதானே கேள்விப்பட்டிருக்கிறோம்! என் முகத்தைப் பார்த்தே அவளுக்குப் புரிந்துவிட்டது. "அப்படிப்பட்டவங்களும் எங்க கூட்டத்துல வந்து சேர்ந்தாங்க. மறைக்க மாட்டேன். அதனாலதான் நிறைய இசைத்தட்டுல 'இனவெறி வேண்டாம்'னு அச்சடிச்சே போட்டாங்க. இந்தப் போட்டோவுல இருக்கிற நாலு பேரும் துறைமுகத்துல வேலை பார்த்தவங்க. நல்ல பசங்க" என்றாள். காப்பி போட்டுக் கொடுத்தாள். கதையையும் சொன்னாள்.

இந்த ஊர் நடன இசைக்கு ஹார்ட்கோர் என்று பெயர். அதிலும் 1990-களின் தொடக்கத்தில் ராட்டர்டாமில் வளர்ந்த வகையை 'ஹப்பர்' என்பார்கள். அந்தச் சொல்லுக்குக் கூட்டாளி, சிநேகிதன் என்று அர்த்தம். யூதர்களின் பேச்சிலிருந்து டச்சு மொழிக்கு வந்ததாம். ராட்டர்டாம், 1940 மே 14-ஆம் தேதி ஜெர்மன் விமானங்கள் குண்டு போட்டு நடுநகரமே அழிந்த ஊர். பிறகு புதிதாகக் கட்டி எழுப்பியது. கப்பல், கிரேன், இரும்பு, உழைப்பாளிகள். ஆம்ஸ்டர்டாம்காரர்களின் நாசூக்கு இவர்களுக்குப் பிடிக்காது. 1992-ல் பால் எல்ஸ்டாக் என்பவர் 'ராட்டர்டாம் ரெக்கார்ட்ஸ்' என்று ஒரு கம்பெனி தொடங்கினார். அதில் வந்த முதல் இசைத்தட்டே, 'ஆம்ஸ்டர்டாமா? அது எங்கேயப்பா இருக்கு?' என்று கேலி செய்கிற பாட்டுத்தான்! யூரோமாஸ்ட் கோபுரத்துக்குப் பக்கத்துப் பூங்காவில் பார்க்ஸிக்ட் என்று ஒரு நடன விடுதி இருந்தது. வாராவாரம் இவளும் கூட்டாளிகளும் அங்கே ஆஜர்.

இந்த இசைக்கு வேகம்தான் உயிர். சாதாரண நடனப் பாட்டில் நிமிடத்துக்கு 120, 130 அடி விழும். இதில் 150-லிருந்து 190 வரை போகும். ஆடுகிற ஆட்டத்துக்கு 'ஹாக்கன்' என்று பெயர். வெட்டுவது என்று பொருள். இடுப்புக்கு மேலே அதிகம் அசையாமல், காலும் முழங்காலும் படபடவென்று கத்தி போல வேலை செய்யும்.

ஆட மட்டும் போனவள் 1993-ல் தானே இசை அமைக்கவும் ஆரம்பித்தாள். அப்போது வயது பத்தொன்பது. கையிலிருந்தது அமிகா 500 என்ற வீட்டுக் கம்ப்யூட்டர். ஒரே சமயத்தில் நாலே நாலு ஒலிகள்தான் அதில் எழுப்ப முடியும். திரையில் எண்களும் எழுத்துகளும் வரிசை வரிசையாக மேலேறும். ஒரு பக்கத்துக்கு 64 வரி. நாலு வரிக்கு ஓர் அடி, ஆக 16 அடி. எந்த வரியில் எந்தச் சத்தம் என்று ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே போக வேண்டும். கேட்டபோது எனக்குப் புள்ளிக் கோலம் ஞாபகம் வந்தது. ஒரு புள்ளி தவறினால் கோலமே கோணலாகிவிடும் இல்லையா?

1996-ல் அவளுடைய இசைத்தட்டு ஒன்று வெளிவந்தது. எடுத்துக் காட்டினாள். அதில் இருந்தது ஓர் ஆண்பிள்ளைப் பெயர். "பெண் பண்ணினதுன்னா அட்டையைப் பார்த்ததுமே திருப்பி வச்சிடுவாங்கன்னு சொன்னாங்க. சரின்னுட்டேன்" என்றாள்.

1999-ல் முதல் பிரசவம். அதற்கு முன்பே இந்த இசை ஊரில் கேலிப்பொருளாகியிருந்தது. பொம்மைக் குரலில் பாடும் பாட்டுகள், தொலைக்காட்சி நையாண்டிகள் என்று ஆனபின் வெளியில் சொல்லவே அவளுக்குக் கூச்சமாம். இந்த நாட்டில் பிரசவமானால் ஏறக்குறைய எட்டு நாள் ஒரு தாதி வீட்டுக்கே வந்து தாயையும் சேயையும் கவனித்துக்கொள்வாள். வந்த தாதி, "தொட்டில் இங்கே போடலாம், இந்தப் பெட்டியெல்லாம் எடுத்துடலாமே" என்றாளாம். கம்ப்யூட்டர் பரணுக்குப் போயிற்று. "நாலு மாசம் கழிச்சு இறக்கலாம்னு நினைச்சேன். இருபத்து நாலு வருஷம் ஆயிடுச்சு."

இதைச் சொல்லும்போது அவள் அழவில்லை. எனக்குத்தான் தொண்டையை அடைத்தது. நம்மில் எத்தனை பேர் நாலு மாதம் என்று சொல்லிப் பரணில் ஏற்றியிருக்கிறோம்!

இன்னொன்றும் சொன்னாள். கர்ப்பமாக இருந்தபோது மருத்துவச்சி வயிற்றில் கருவியை வைத்துக் குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்க வைத்தாளாம். தாளக்காரி இல்லையா, தன்னையறியாமல் எண்ணிவிட்டாள். நிமிடத்துக்கு 150! வயிற்றிலிருக்கும் குழந்தைக்கு 110-லிருந்து 160 வரை துடிப்பது இயல்புதான் என்று தாய்மார்களான உங்களுக்குத் தெரிந்திருக்கும். "என் பாட்டோட வேகம்! உள்ளே ஒருத்தி ஏற்கெனவே ஆடிட்டிருக்கான்னு சிரிச்சேன்" என்றாள்.

அந்த 'ஒருத்தி'தான் மறுபடியும் இதைக் கிளப்பியவள். பாட்டி காலமான பிறகு பரணைச் சுத்தம் செய்ய வந்த மகள், பெட்டியில் அந்த இசைத்தட்டைப் பார்த்துவிட்டு, "யாரும்மா இந்த ஆளு?" என்று கேட்டாள். "நான்தான்" என்றபோது அவள் நம்பவே இல்லையாம். இருபத்து மூன்று வயதுப் பெண்ணுக்குத் தன் அம்மா இசை அமைத்தவள் என்பதே தெரியாது! மூத்தவளிடம்கூட ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "யாரும் கேட்கலியே" என்றாள்.

ஆரம்பித்தாள் சரி, சுலபமாகவா இருந்தது? பழைய பிளாப்பிகள் இருபத்து மூன்று இருந்தன. பழைய இயந்திரம் வைத்திருந்த ஒருவரிடம் கொடுத்துப் பார்த்ததில் பதினாலு படிக்கவே முடியவில்லை. காந்தப் பூச்சில் பூஞ்சணம். 1999-ல் பாதியில் நிறுத்திய பாட்டும் அதற்குள்தான் இருந்தது. "அன்னிக்குத்தான் அழுதேன். அப்புறம் தோணிச்சு, அந்தப் பாட்டு இருபத்தஞ்சு வயசுக்காரியோடது. அதை முடிக்க நான் யாரு? எனக்குன்னு ஒண்ணு பண்ணணும்."

அடுத்த மூன்று மாதமும் ஒன்றும் நடக்கவில்லை. இப்போதைய கம்ப்யூட்டரில் நாலு ஒலி என்ற கட்டுப்பாடு இல்லை. நூறு வேண்டுமானாலும் வைக்கலாம். ஆயிரக்கணக்கான ஒலிகள் விலைக்குக் கிடைக்கின்றன. இவள் தினமும் வாங்குவதும், எப்படிப் பயன்படுத்துவது என்று பாடம் பார்ப்பதுமாகவே இருந்தாள். புதுப் பாத்திரம் வாங்கி அடுக்கிக்கொண்டே போய், அடுப்பைப் பற்ற வைக்காத கதை! ஒரு நாள் எல்லாவற்றையும் மூடிவிட்டு, 'பழையபடி நாலே ஒலி' என்று தனக்குத்தானே விதி போட்டுக்கொண்டாள். அன்றைக்குத்தான் முதல் எட்டு அடி விழுந்தது.

நான் கேட்ட அந்த உலக்கைச் சத்தம் இருக்கிறதே, அதற்கு மட்டும் ஆறு வாரம் ஆயிற்று! 1983-ல் ஜப்பானின் ரோலண்ட் கம்பெனி 909 என்று ஒரு தாளப் பெட்டி செய்தது. அதிலுள்ள பெரிய முரசின் ஒலிதான் மூலப்பொருள். அதை இயந்திரம் தாங்கக்கூடிய அளவுக்கு மேலே ஏற்றுவார்கள். ஒலி அலையின் மேல் நுனியும் கீழ் நுனியும் இடம் போதாமல் தட்டையாக நறுக்குண்டு போகும். அப்படி நறுக்குண்டதும் முன்பு இல்லாத புதுப்புது நாதங்கள் அதில் சேர்கின்றன. முரசு கர்ஜிக்க ஆரம்பிக்கும். கொஞ்சம் குறைந்தால் சப்பை, கொஞ்சம் கூடினால் வெறும் இரைச்சல். தாளிக்கும்போது மிளகாய் கருகுவதற்கு ஒரு நொடி முன்னால் இறக்குகிறோமே, அந்தப் பதம்தான்!

எனக்கு இந்த இசை பிடித்ததா? உண்மையைச் சொல்கிறேன், முதல் தடவை தலைவலிதான் வந்தது. உட்கார்ந்து எண்ணச் சொன்னாள். 16 அடிக்கு ஒருமுறை ஏதோ ஒன்று சேரும், இல்லாவிட்டால் விலகும். 64-க்கு ஒருமுறை எல்லாம் நின்று மறுபடி விழும். தவில் வித்வான் தனி வாசிக்கும்போது நாம் கையில் தாளம் போட்டுக்கொண்டு காத்திருப்போமே, அதுபோல நானும் காத்திருக்க ஆரம்பித்தேன்.

பாட்டு பாதி வந்த நிலையில் ஒரு சங்கடம். மகளிடம் போட்டுக் காட்டினாள். அவளோ, "அம்மா, காதைக் குத்துது" என்று பொத்திக்கொண்டாள். இவளுக்கு ஒன்றும் அப்படித் தெரியவில்லை. சந்தேகப்பட்டுக் காது டாக்டரிடம் போனாள். உயர்ந்த சுருதி ஒலிகளில், 4000 ஹெர்ட்ஸ் பக்கம், இரு காதிலும் கேள்வி குறைந்திருக்கிறதாம். இளவயதில் ஒலிப்பெட்டிக்குப் பக்கத்திலேயே பாதுகாப்பில்லாமல் ஆடியதன் பலன். அதனால்தான் சின்னச் சின்ன ஜால்ரா ஒலிகளை, தனக்குக் கேட்கவில்லை என்று ஏற்றிக்கொண்டே போயிருக்கிறாள். காதுக்குள் 'கிர்ர்' என்ற ஓசையும் 1997 முதல் இருந்து வருகிறது. "எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும்னு நினைச்சிட்டேன்" என்றாள்.

போன கேள்வி திரும்பி வராது. அத்தோடு விட்டுவிடலாமா என்று ஒரு வாரம் யோசித்தாள். அப்புறம் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். அடித்தள ஒலிகள் அம்மாவுக்கு, மேல் ஒலிகளுக்கு மகளின் காது. ஞாயிற்றுக்கிழமை மகள் வருவாள், "இது குறை, அது போதும்" என்று சொல்வாள். பேச்சுக் குரல் கேட்கிற அளவுக்கு மெல்ல வைத்துத்தான் இப்போது வேலை. "உன் குக்கர் விசில் எனக்குக் கேட்கணும். கேட்கலைன்னா நான் சத்தத்தைக் கூட்டிட்டேன்னு அர்த்தம்" என்று சிரித்தாள்.

சகோதரிகளே, காது விஷயத்தைக் கொஞ்சம் விளக்கமாகவே எழுதிவிடுகிறேன். தொழிற்சாலைகளுக்காக வகுத்த கணக்கு ஒன்று உண்டு. 85 டெசிபல் சத்தத்தில் நாளைக்கு 8 மணி நேரம் இருக்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகிவிடும். 100 டெசிபல் என்றால் 15 நிமிஷம்தான்! ஒரு கை தூரத்தில் நிற்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால் அந்த இடம் காதுக்கு ஆகாது என்று வைத்துக்கொள்ளுங்கள். கல்யாண மண்டபத்திலும் திருவிழாவிலும் ஸ்பீக்கர் பக்கத்தில் கைக்குழந்தையோடு உட்காராதீர்கள். பஞ்சு வைத்தால் போதும் என்பது தவறு. அது அதிகம் தடுக்காது. சிசுவின் காதுக்குள் எதையும் திணிக்கவும் கூடாது. வெளியே மூடுகிற குழந்தைகளுக்கான காதுக்கவசம் கிடைக்கிறது. காதில் இரைச்சல் ஒரு நாளைக்கு மேல் நீடித்தால் தாமதிக்காமல் டாக்டரைப் பாருங்கள்.

விட்டதைத் திரும்பத் தொடுவதற்கு அவளிடம் நான் கற்றுக்கொண்டதையும் சொல்கிறேன். பாட்டு என்றில்லை. தையலோ, படமோ, ஹிந்திப் பரீட்சையோ, எதற்கும் பொருந்தும்.

முதலாவது, நேரம் கிடைக்கும்போது என்று இருந்தால் கிடைக்கவே கிடைக்காது. அவள் காலையில் அரை மணி, கடிகாரம் வைத்துக்கொண்டு உட்காருவாள். மணி அடித்ததும், நன்றாக வந்துகொண்டிருந்தாலும் எழுந்துவிடுவாள். மறுநாள் உட்காரத் தயக்கம் இருக்காதாம்.

இரண்டாவது, சாமான் வாங்குவதைத் தள்ளிப் போடுங்கள். இருப்பதை வைத்து ஒன்றை முடித்த பிறகு வாங்கலாம்.

மூன்றாவது, சின்னதாக முடியுங்கள். முதல் மாதம் அவள் முடித்தது 30 விநாடிப் பாட்டு. ஆனால் அதற்கு ஆரம்பமும் முடிவும் இருந்தன.

நான்காவது, பழைய உங்களோடு போட்டி போடாதீர்கள். இருபது வயதில் இரவு மூன்று மணிவரை விழித்திருந்தவள் வேறு, இப்போது பத்து மணிக்குக் கண் சொருகுகிறவள் வேறு. ஆனால் இப்போதுள்ளவளுக்குப் பொறுமை அதிகம்.

ஐந்தாவது, ஆரம்பத்தில் ஒரே ஒருவரிடம் காட்டுங்கள். உண்மையைச் சொல்லக்கூடியவராக, உங்கள்மேல் பிரியமுள்ளவராக இருக்கட்டும். அவள் கணவர், "இந்த வயசுல யார் கேட்கப் போறாங்க?" என்றாராம். கெட்டவர் இல்லை, சுபாவம் அப்படி. அவரிடம் கடைசியில்தான் காட்டினாள்.

2024-ல் ஒரு ஞாயிறு மாலை. பழைய ஹப்பர் ரசிகர்கள் ஒரு சின்னக் கூடத்தில் கூடினார்கள். இந்த இசைக்கே திரும்பி வருகிற ராசி உண்டு போலிருக்கிறது. தண்டர்டோம் என்ற பெரிய விழா 1992-ல் ஆரம்பித்து, 2012-ல் 'இதுவே கடைசி' என்று சொல்லி முடித்து, 2017-ல் இருபத்தைந்தாம் ஆண்டென்று மறுபடி வந்தது! அங்கே வருகிற ஆயிரக்கணக்கானோர் இங்கே இல்லை. நாற்பது பேர் இருந்தால் அதிகம். நானும் அவரும் காதில் அடைப்பான் வைத்துக்கொண்டு சுவர் ஓரமாக நின்றோம். மொட்டை என்று நான் பயந்த தலைகளெல்லாம் இப்போது தாமாகவே வழுக்கை! பாதிப் பேர் முழங்காலில் பட்டி கட்டியிருந்தார்கள்.

அவளுடைய பாட்டு நாலு நிமிஷம், நிமிடத்துக்கு 170 அடி. முதல் அடி விழுந்ததும் நெஞ்சுக்கூட்டில் உணர்ந்தேன், என் சமையலறைச் சுவரில் கேட்ட அதே அடி. எல்லோரும் ஆடினார்கள். மகளும் ஆடினாள். கணவர் ஆடவில்லை, ஆனால் பக்கத்தில் நின்ற ஆளிடம் குனிந்து ஏதோ சொல்லி அவளைச் சுட்டிக் காட்டிக்கொண்டிருந்தார்.

அவளோ ஒலிப்பெட்டியிலிருந்து தள்ளி, காதுக்கவசத்தோடு நின்றுகொண்டு, கை விரலில் 16, 16-ஆக எண்ணிக்கொண்டிருந்தாள். வாசலில் ஒட்டியிருந்த தாளில் அன்றைக்குப் போட்ட பாட்டுகளின் பட்டியல் இருந்தது. பாட்டுக்கு நேரே அவளுடைய சொந்தப் பெயர்! அக்கம்பக்கத்தாரின் பெயரை இந்தக் கடிதத்தில் எழுதும் வழக்கம் எனக்கு இல்லை. ஆனால் அந்தத் தாளில் அது பெரிய எழுத்தில் இருந்தது என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

வீட்டுக்கு வரும் வழியில் இவர் கேட்டார்: "உன் வீணை இப்போ எங்கே இருக்கு?"

கும்பகோணத்தில், அண்ணன் வீட்டு அறையில், உறை போட்டபடி இருக்கிறது. பெரியவன் பிறந்ததிலிருந்து தொடவில்லை. இத்தனை வருஷத்தில் மெழுகு இறுகிப் போயிருக்கும், மேளம் புதிதாகக் கட்டித்தான் ஆக வேண்டும். மறுநாள் அண்ணிக்குப் போன் போட்டேன். "தஞ்சாவூருக்குக் கொடுத்தனுப்பிச் சரி பண்ணி வைக்கிறேன். இப்பவாவது கேட்டியே!" என்றாள் அண்ணி.

டிசம்பரில் ஊருக்கு வருகிறேன். அதுவரை என்ன செய்வது? தினமும் அரை மணி, சமையலறை மேஜைமேல் தாளம் போட்டுக்கொண்டு சரளி வரிசையை வாய்விட்டுச் சொல்கிறேன். நேற்று சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து இரண்டு தட்டு கேட்டது. சத்தம் அதிகமோ என்று நிறுத்தினேன். மறுபடி தட்டினாள், என் தாளத்தில்!

உங்கள் பரணில் என்ன இருக்கிறது? அடுத்த கடிதத்துக்குள் எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் நதிக்கரைச் சகோதரி